கூரையில் நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகள்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், உங்கள் தகப்பனார் 1984இல் கட்டிய வீடு. கீழ்த்தளம், மேலே ஒரு மாடி, அதற்கு மேல் மொட்டைத் தளம். தூண்களின் உச்சியில் கம்பிகளை வெளியே நீட்டி விட்டிருக்கிறார். இன்னும் இரண்டு மாடி எழுப்பித் தங்கைமார் இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுக்க நினைக்கிறீர்கள். ஒப்பந்தக்காரர், "கம்பி விட்டிருக்கிறாரே, அப்பா யோசித்துத்தான் கட்டியிருக்கிறார், எஞ்சினியர் கையொப்பத்தை நானே எடுத்துத் தருகிறேன்" என்கிறார். கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா, அந்தக் கையொப்பத்தை நம்பலாமா என்பது கேள்வி. மொரட்டுவையில் படிக்கும் மகன் இந்தத் துறைக்கு வரலாமா என்பது கூடவே வந்த சிறு கேள்வி.

கொழும்பில் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் இதே வேலையைச் செய்து ஓய்வுபெற்றவன் நான். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காசு கொடுங்கள். ஒப்பந்தக்காரர் எடுத்துத் தரும் கையொப்பத்தை வாங்காதீர்கள். ஏனென்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

அந்தக் கம்பிகளிலிருந்தே தொடங்கலாம். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மேல்மாடி எதிலாவது நின்று சுற்றிப் பார்த்தால், மொட்டைத் தளங்களில் எல்லாம் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு இன்னொரு மாடி என்ற ஆசையின் அடையாளம் அது. அத்திவாரம் அதற்கு இடம்கொடுக்கிறது என்று யாராவது கணக்குப் பார்த்ததற்கு அது சாட்சி ஆகாது. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கம்பியை விட்டவர் மேசன் பாஸ், அதாவது தலைமைக் கொத்தனார்தான். அவருக்குச் செலவு ஒரு தூணுக்கு இரண்டடிக் கம்பி. வீட்டுக்காரருக்கோ மனம் நிறைந்துவிடும்.

கணக்கை உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுகிறேன். தூண்கள் 13 அடி, அதாவது 4 மீற்றர் இடைவெளியில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுத் தூண் ஒன்று தாங்கும் தளத்தின் பரப்பு 16 சதுர மீற்றர். ஐந்து அங்குலக் கொங்கிரீட் தளம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிலோகிராம். தரை ஓடு, அதன் கீழுள்ள கலவை, அடிப்பூச்சு எல்லாம் சேர்ந்து நூற்றுச் சொச்சம். ஆட்கள், கட்டில், அலுமாரிக்கு நியமப்படி 150. கூட்டினால் 600க்கு அருகில் வரும். பதினாறால் பெருக்கினால் 10 தொன். அந்தத் தளத்தின்மேல் இந்தத் தூணின் பங்காக 8 மீற்றர் நீளத்துக்கு நாலரை அங்குலச் சுவர் எழும்பினால் இன்னுமொரு 6 தொன். பீம்கள் 1 தொன். ஆக, சுவர் சுமக்கும் ஒரு மாடி, ஒரு நடுத் தூணுக்கு 17 தொன். மேலே சுவரில்லாத மொட்டைத் தளம் 11 தொன்.

இப்போது உங்கள் வீட்டின் கீழ்த்தளத் தூண் சுமப்பது 17உம் 11உம், மொத்தம் 28 தொன். இரண்டு மாடி கூட்டினால் மூன்று பதினேழும் ஒரு பதினொன்றும், 62 தொன். இரட்டிப்பையும் தாண்டுகிறது.

அந்தக் காலத்து வீட்டுத் தூண் பெரும்பாலும் ஒன்பது அங்குலச் சதுரம். நான்கு மூலையிலும் 12 மில்லிமீற்றர் கம்பி, சில வீடுகளில் அரை அங்குலக் கம்பி. கொங்கிரீட் நன்றாகக் கலக்கப்பட்டது என்றே நம்பிக் கணக்கிட்டாலும், பாதுகாப்பு விகிதங்களைக் கழித்த பிறகு அப்படியொரு தூண் நம்பிச் சுமக்கக்கூடியது 30 தொன்னைச் சுற்றித்தான். 28க்குச் சரி. 62க்குச் சரியில்லை என்பதற்குப் பட்டம் தேவையில்லை.

அத்திவாரம் இதைவிட மோசமான செய்தி. தூணுக்குக் கீழே நாலரை அடிச் சதுர அடித்தளம் இருந்தால், இன்றைய 28 தொன் சதுர மீற்றருக்கு 15 தொன்னாக மண்ணில் இறங்குகிறது. இறுகிய கபுக் மண், அதாவது செம்பூறாங்கல் மண், அதைத் தாங்கும். 62 தொன் வந்தால் அது 33 ஆகிவிடும். கொழும்பின் நிலமும் ஒரே மாதிரியானதல்ல. ஓரிடத்தில் நல்ல கபுக், பத்து வீடு தள்ளி நிரப்பிய பழைய பள்ளம், கால்வாய் ஓரங்களில் முற்றாத உக்கல் மண். அகதிமுகாம் போல நெருக்கமாகக் கட்டிய இந்த ஒழுங்கைகளில் பக்கத்து வீட்டின் அத்திவாரமும் உங்கள் அத்திவாரமும் ஒரே மண்ணைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. நீங்கள் மாடி எழுப்ப, அவர் வீட்டுச் சுவர் வெடித்த கதைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மேலே போட்ட கணக்கு உங்கள் வீட்டின் கணக்கல்ல. எல்லா எண்களும் நான் எடுத்துக்கொண்டவை. தூண் ஒரு அடியாக இருக்கலாம். அடித்தளம் ஆறடியாக இருக்கலாம். உங்கள் அப்பா நல்ல எஞ்சினியர் ஒருவரைப் பிடித்து நாலு மாடிக்கே கட்டியிருந்தால் நான் மகிழ்ச்சியோடு தோற்றுப்போவேன். ஆனால் அதை யாராவது தோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் ஒப்பந்தக்காரர் வாங்கித் தரப்போகும் கையொப்பத்துக்கு உரியவர் அந்த ஒழுங்கைக்குள் கால் வைப்பாரா? அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

கடல் இன்னொரு சங்கதி. உங்கள் வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் ரெயில் பாதை மட்டும்தான் என்றால், நாற்பது வருடமாக உப்புக் காற்று அந்தக் கொங்கிரீட்டைத் தடவிக்கொண்டிருக்கிறது. கொங்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல அந்தக் காரத்தைத் தின்கிறது. உப்பிலுள்ள குளோரைட் அதற்கும் காத்திராமல் கம்பியின் மேலுள்ள காப்புப் படலத்தை நேரே உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெம்பும். தளத்தின் அடியில் பூச்சு உப்பிக்கொண்டு விழுவதும், தூணின் மூலையில் நிலைக்குத்தாக ஒரு வெடிப்பு ஓடுவதும் அதனால்தான். வருடாவருடம் தீபாவளிக்கு முன் அதன்மேல் சீமெந்து பூசிப் பெயின்ட் அடிப்பவர்கள் புண்ணின்மேல் பவுடர் போடுகிறார்கள்.

கேட்கத் தயக்கமான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். 1984இல் கட்டிய வீடு என்கிறீர்கள். முந்தைய வருடக் கலவரத்தில் எரிந்த வீட்டின் தூண்களையோ அத்திவாரத்தையோ வைத்துக்கொண்டு எழுப்பியதா? வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அப்படியான வீடுகள் உண்டு. காசும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை, நின்றதை வைத்துக் கட்டினார்கள். தீயில் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய கொங்கிரீட் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக நிறம் மாறும். அதற்கு மேல் போகப் போகப் பலம் குறைந்துகொண்டே வரும், ஆறிய பிறகு திரும்பி வராது. பூச்சுக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அம்மா இருந்தால் அவரிடம் கேளுங்கள். இப்படியான விசயத்தில் எந்த வரைபடத்தையும்விட அவர் நினைவு பெறுமதியானது. உங்கள் எஞ்சினியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்படியென்றால் அந்த மனிதர் வந்து என்ன செய்ய வேண்டும்? இரண்டு மூன்று தூண்களின் அடியில் குழி தோண்டி, அடித்தளத்தின் அளவையும் ஆழத்தையும் நாடா வைத்து அளக்க வேண்டும். கம்பி எங்கே, எத்தனை, எவ்வளவு ஆழத்தில் என்று கருவியால் தேடி, சந்தேகம் வந்த இடத்தில் உடைத்துப் பார்க்க வேண்டும். தூணில் சுத்தியல் சோதனை செய்வார்கள். அது மேற்பரப்பின் கடினத்தை மட்டும் சொல்லும், அதை மட்டும் வைத்து முடிவெடுப்பவரை நம்பாதீர்கள். உருளையாகத் துளைத்தெடுத்த கொங்கிரீட்டை ஆய்வுகூடத்தில் நசுக்கிப் பார்த்தால்தான் பலம் தெரியும். புதிதாக உடைத்த முகத்தில் பினோல்ப்தலீன் என்ற இரசாயனத் திரவத்தைத் தெளித்தால், காரம் மிச்சமுள்ள இடம் கத்தரிப்பூ நிறம் கலந்த சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. சிவப்பு கம்பியைத் தாண்டி வெளிப்பக்கமும் இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். மண்ணுக்கும் ஒரு துளைச் சோதனை. இவ்வளவுக்கும் ஆகும் செலவு நீங்கள் ஒரு குளியலறைக்கு ஓடுகளும் குழாய்ச் சாமான்களும் போடும் செலவோடு ஒப்பிடக்கூடியது. குளியலறை ஓட்டுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறோம்.

கையொப்பம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு இந்தத் தொழிலில் உள்ளவர்கள் மறக்கக் கூடாத கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹயட் ரீஜென்சி ஹோட்டல். அதன் உயர்ந்த கூடத்தின் குறுக்கே தொங்கும் நடைபாலங்கள். நான்காம் மாடிப் பாலமும், நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலமும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பிகளில் தொங்க வேண்டும் என்று முதலில் வரைந்திருந்தார்கள். நீண்ட கம்பியில் நடுவரை மரை வெட்டுவது கஷ்டம் என்று இரும்பு வேலைக்காரர்கள் அதை இரண்டாக்கினார்கள்: மேல் பாலம் கூரையில் தொங்கும், கீழ் பாலம் மேல் பாலத்தில் தொங்கும். கிணற்றுக் கயிறு ஒன்றில் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு இரண்டு வாளிகளைத் தொங்கவிடுவது ஒன்று. மேல் வாளியின் காதில் கீழ் வாளியைக் கட்டித் தொங்கவிடுவது இன்னொன்று. கயிற்றுக்கு வித்தியாசமில்லை, மேல் வாளியின் காதுக்குச் சுமை இரட்டிப்பு. மாற்றிய வரைபடம் பொறியியலாளர் அலுவலகத்துக்கு வந்தது, முத்திரையோடு திரும்பிப் போனது. அந்த ஓர் இணைப்பை யாரும் கணக்கிடவில்லை. 1981 யூலை 17ஆம் திகதி மாலை, கூடம் நிறைய ஆட்கள் இருந்தபோது பாலங்கள் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். பொறுப்பான பொறியியலாளர்கள் உரிமத்தை இழந்தார்கள்.

முத்திரை குத்தியவர்கள் படிக்காதவர்கள் அல்லர், திருடர்களும் அல்லர். ஆனால் கடதாசி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும்போது, மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

மாடி கூட்டிய கதைகளும் ஆசியாவில் நிறைய. சியோலின் சம்பூங் அங்காடி 1995இல் விழுந்து 502 பேர் இறந்தபோது, பிறகு கூட்டிய ஐந்தாம் மாடியும் கூரையில் வைத்த குளிரூட்டி இயந்திரங்களும் காரணங்களில் அடங்கின. டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா, 2013 ஏப்ரல் 24: அனுமதியில்லாமல் எழுப்பிய மேல் மாடிகள், முதல் நாளே தெரிந்த வெடிப்புகள், ஆபத்து என்று ஓர் எஞ்சினியர் சொன்ன பிறகும் மறுநாள் காலை வேலைக்கு அழைக்கப்பட்ட தையல் தொழிலாளர்கள். ஆயிரத்து நூறுக்கு மேல் பிணங்கள். நம் ஊருக்கு வந்தால், 2017 மே மாதம் உங்கள் வெள்ளவத்தையிலேயே கட்டடம் ஒன்று சரிந்தது; புழுதியை நீங்களே பார்த்திருப்பீர்கள். அடுத்த பெப்ரவரியில் கிராண்ட்பாசில் பழைய கட்டடம் ஒன்று இடிந்து ஏழு உயிர் போனது. ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் பத்திரிகை எழுதும், மூன்றாம் வாரம் கிரிக்கெட் வந்துவிடும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் கொழும்பில் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். கட்டிய பிறகு குடியிருக்க இணக்கச் சான்றிதழும் வேண்டும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் உங்கள் காணி இருந்தால் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். அதை ஒப்பந்தக்காரர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள். பொறியியலாளர்களுக்கு 1906இல் தொடங்கிய சங்கம் இருக்கிறது. இன்று இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமாக 1968ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதியைக் கொடுப்பது அதுதான். தொழில் செய்பவர் எல்லோரும் பதிவுசெய்ய வேண்டும் என்று பொறியியற் சபைச் சட்டம் வந்தது 2017இல்தான். வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் எப்போதோ இருந்த ஏற்பாடு, நூறு பேர் தூங்கும் கூரையைக் கணக்கிடுபவருக்கு அவ்வளவு தாமதமாக வந்தது. ஆகவே உங்களிடம் வருபவரின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். நல்லவருக்கு அதில் கோபம் வராது.

ஆனால் அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் யாரும் உங்கள் தூணைத் திரும்பக் கணக்கிடப் போவதில்லை. அவர்கள் பார்ப்பது வீதிக் கோடு, உயரம், வெளிச்சம், காற்றோட்டம், வாகனத் தரிப்பிடம், கடைசியாக ஒரு கையொப்பம். சிறிய வீட்டுக்கு அந்தக் கையொப்பம்தான் ஒரே காவல். அதனால்தான் அதற்கு ஒரு சந்தை உருவானது. படவரைஞர் வரைவார், எஞ்சினியர் மாலையில் வந்து பத்துத் தாளில் கையெழுத்து வைத்துக் காசை வாங்கிக்கொண்டு போவார். இதைச் செய்பவர்கள் யாரென்று தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்த கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டுமே.

நானும் சுத்தமானவன் அல்ல. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தெஹிவளைப் பக்கம் ஒரு வீடு. கணக்கு நான்தான் செய்தேன், ஒழுங்காகத்தான் செய்தேன். கொங்கிரீட் போடும் முன் போய்ப் பார்க்க வேண்டிய நாளில் வேறு பெரிய வேலை இருந்தது. "கம்பியெல்லாம் சரி சேர்" என்று தொலைபேசியில் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். முட்டுகளைக் கழற்றிய அன்று பல்கனி குனிந்தது. சுவரில் பொருத்தி வெளியே நீட்டிய தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும்; நீட்டிய கையில் வாளியைத் தூக்கினால் தோளின் மேல்பக்கம் இழுபடுவதுபோல மேல்முகம்தான் இழுபடும். அங்கே கம்பி முழுவதும் கீழே கிடந்தது. கட்டியவர் மட்டக்களப்பிலிருந்து வந்த கெட்டிக்காரப் பையன். அவன் அதுவரை கட்டிய தளங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் பீமில் இருக்கும் தளங்கள். அவற்றில் கம்பி கீழேதான். என் வரைபடம் ஆங்கிலத்தில், பாஸ் பேசியது சிங்களத்தில், அவனுக்குத் தெரிந்தது தமிழ். மூன்று மொழிக்கு நடுவில் 'மேலே' என்ற ஒரு சொல் விழுந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. இடித்துத் திரும்பக் கட்டினோம், பாதிச் செலவு என்னுடையது. அதன் பிறகு, பல்கனி உள்ள எந்த வேலையிலும் கொங்கிரீட் வண்டி வரும் முன் நான் அங்கே நின்றேன். வரைபடத்தின் ஓரத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதவும் தொடங்கினேன். இளையவர்கள் சிரித்தார்கள்.

இனி மகன். வரட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கே வருகிறான் என்று தெரிந்துகொண்டு வரட்டும். இப்போது கணினியில் ஒரு கட்டடத்தை அரை நாளில் ஏற்றி, சிவப்பும் நீலமுமாக அழகான படம் எடுத்துவிடலாம். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் அப்படிக் கொண்டுவந்த படத்தில், கட்டடத்தின் மொத்த நிறை ஒன்று, அத்திவாரத்துக்கு வந்து சேர்ந்த நிறை இன்னொன்று. நடுவில் இருநூறு தொன் காற்றில் கரைந்திருந்தது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு கூட்டல் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். நியமங்களும் அப்படியே. கொங்கிரீட் கட்டடங்களுக்கான பிரித்தானியாவின் 8110ஆம் இலக்க நியமத்தை அவர்களே 2010இல் விலக்கிக்கொண்டு யூரோ நியமத்துக்குப் போனார்கள். நாமும் பின்னால் போகிறோம், ஆனால் பழக்கம் பழைய வீட்டிலேயே இருக்கிறது. பழையதில் கொங்கிரீட்டின் பலம் கனசதுரத்தை நசுக்கி எடுப்பது, புதியதின் சூத்திரங்களில் உருளையை நசுக்கி எடுப்பது. கனசதுரத்தில் 30 வரும் கொங்கிரீட் உருளையில் 25தான் வரும். முப்பதைப் புதிய சூத்திரத்தில் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இனாமாக எழுதிக்கொண்டதாகிவிடும். இதைச் செய்த கணக்குகளை நான் திருத்தியிருக்கிறேன்.

நியமம் வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளிக்குப் பிறகுதான் கடுங்காற்றுக்குக் கட்டடம் வடிவமைக்கும் கைநூல் 1980இல் இந்த நாட்டுக்கு வந்தது; தீவை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தார்கள், கொழும்பு அதில் மிக மெதுவான வலயம். நிலநடுக்கம் நமக்கில்லை என்று 2004 சுனாமி வரை பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தோம். 1615இல், போர்த்துக்கேயர் காலத்தில், இதே கொழும்பு குலுங்கி வீடுகள் விழுந்ததை மறந்துவிட்டு.

மகனை ஒருநாள் கொழும்புக் கோளரங்கத்துக்கு அனுப்புங்கள். நட்சத்திரம் பார்க்க அல்ல, கூரையைப் பார்க்க. 1965இல் பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க வடிவமைத்தது. மடித்த தட்டுகளாலான கொங்கிரீட், பூவிதழ்போலச் சுற்றி நிற்கும். அந்தக் காலத்தில் இன்றைய கணினி இல்லை. ஒவ்வொரு விசையும் எந்த வழியாக மண்ணுக்குப் போகிறது என்று தலைக்குள் கண்டவர் அவர். அந்தக் கண் மகனுக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் பழகிக்கொள்ளலாம். 2022க்குப் பிறகு வேலைத்தளங்கள் நின்று, அவனுக்கு ஐந்தாறு வருடம் மூத்தவர்கள் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். அதனால் அவன் கற்றுக்கொள்ள வேண்டிய ஆட்கள் குறைவு, அவன் தலையில் விழும் பொறுப்பு அதிகம். முதல் வருடத்திலேயே யாராவது "இதில் ஒரு கையெழுத்து வை தம்பி" என்பார்கள். மறுக்கத் தெரிய வேண்டும். பிரித்தானியாவில் 2005இலிருந்து, பெயரை வெளியிடாமல் கட்டமைப்புத் தவறுகளை அறிவித்து மற்றவர்கள் படிக்கும்படி செய்யும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. என் பல்கனிக் கதையை நான் எழுதவே இருபத்தைந்து வருடம் ஆனது.

உங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். எஞ்சினியரை நீங்களே தேடுங்கள். ஒப்பந்தக்காரரின் ஆளாக அவர் இருக்கக் கூடாது, அவருக்குக் காசு உங்கள் கையிலிருந்து போக வேண்டும். எத்தனை முறை வருவீர்கள், எந்தெந்த நாளில் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்: குழி தோண்டும் நாள், அத்திவாரக் கம்பி கட்டிய நாள், ஒவ்வொரு தளத்துக்கும் கொங்கிரீட் போடுவதற்கு முதல் நாள். கணக்குத் தாள்களின் பிரதி ஒன்றை நீங்கள் வைத்திருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, மகனுக்குப் புரியும், அல்லது நாளைக்கு வீட்டை வாங்குபவரின் எஞ்சினியருக்குப் புரியும். வேலை தொடங்கும் முன் இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களையும் அவர்களோடு சேர்ந்து நின்று படம் எடுத்து, திகதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்து வையுங்கள். பாதிச் சண்டை அதில் தீர்ந்துவிடும்.

சோதனை முடிவு எப்படி வந்தாலும் வழி முழுவதும் அடைபடாது. தூண்களைச் சுற்றிப் புதிய கம்பிக் கூடு கட்டி, மூன்று நான்கு அங்குலம் பருமனாக்கலாம். ஆனால் அத்திவாரத்தையும் சேர்த்து அகட்டாமல் தூணை மட்டும் பருமனாக்குவது, காலில் வீக்கம் வந்தவனுக்குத் தொப்பி வாங்கிக் கொடுப்பது. பெரும்பாலும் நான் சொல்லும் யோசனை, இரண்டு மாடிக்குப் பதிலாக ஒன்று, அதுவும் இரும்புச் சட்டம், இலேசான பலகைச் சுவர், தகட்டுக் கூரை. அப்படிச் செய்தால் ஒரு தூணுக்குக் கூடுவது 17 தொன் அல்ல, மூன்று நான்கு தொன். அதையும் குழி தோண்டிப் பார்த்த பிறகுதான். தங்கைமார் இருவரில் ஒருவருக்கு வேறு வழி பார்க்க வேண்டிவரும். அது எஞ்சினியர் தீர்க்கும் கணக்கல்ல.

எதுவும் கட்டுவதில்லை என்று முடிவானால், அந்தக் கம்பிகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். கட்டுவதென்றாலும் அவை உதவாது: 12 மில்லிமீற்றர் கம்பி புதிய கம்பியோடு சேர்ந்து பிடிக்க அதன் விட்டத்தைப்போல நாற்பது மடங்கு, ஏறத்தாழ 20 அங்குலம், துருவில்லாமல் வேண்டும். நாற்பது வருடம் கடற்காற்றில் நின்றதில் அது மிஞ்சியிருக்காது. வெட்டும்போது தளத்தோடு சமமாக வெட்டிப் பூசிவிட்டால், துரு அந்தக் கம்பி வழியாகவே தூணுக்குள் இறங்கும். ஒவ்வொன்றைச் சுற்றியும் இரண்டு அங்குல ஆழத்துக்குக் குடைந்து, உள்ளே வெட்டி, துருவைச் சுரண்டித் துத்தநாகப் பூச்சுப் பூசி, நீர் புகாத கலவையால் மூடச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன் செய்துவிடுங்கள்.